அந்தப் பட்டை என்னைக் குணப்படுத்தவில்லை

மகனே, அன்றைக்கு மேடையில் நீ சொன்னது உண்மை இல்லை. உன்னைப் பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வழியனுப்புவதற்காக நம் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மாலை போட்டார்கள். நீ எழுந்து பேசினாய். "டாக்டர்கள் கைவிட்ட என் தாயை ஒரு காட்டு மரத்தின் பட்டை குணப்படுத்தியது. அந்தப் பட்டைக்குள் இருக்கும் மருந்தைப் பிரித்தெடுக்கத்தான் போகிறேன்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த நான் தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் "ஏம்மா, நீ மட்டும் கை தட்டல?" என்று கேட்டாய். தலைவலி என்றேன். அதுவும் பொய். உன்னுடையதை நீ தெரியாமல் சொன்னாய், என்னுடையதை நான் தெரிந்தே சொன்னேன். நீ ரயிலேறி இருபது நாள் ஆகிறது. இனியும் மனதில் வைத்திருக்க முடியாது. இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் பூட்டாதே. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் படித்துக் காட்டு. ஒரு பெண் தன் வயிற்றுப்போக்கைப் பற்றி இவ்வளவு எழுதுவாளா என்று யாராவது முகம் சுளித்தால், எழுதுவாள் என்று சொல். பன்னிரண்டு வருடம் அதை அனுபவித்தவளுக்கு எழுதுவதில் என்ன கூச்சம்?

உனக்கு ஒன்பது வயது நடக்கும்போது அது ஆரம்பித்தது. அப்போது விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். உன் அப்பாவுக்கு ஜங்ஷன் கேபினில் சிக்னல் வேலை. நான் காலை பாசஞ்சரில் திண்டிவனம் போய்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். ஒரு மழைக்காலத்தில் வயிறு கடுத்துச் சளியும் ரத்தமுமாகப் போயிற்று. சீதபேதி, நாலு நாளில் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆகியும் நிற்கவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, பதினைந்து தடவை. பெண்கள் வெளியே போக விடியலுக்கு முன்னால் ஒரு நேரம், இருட்டிய பிறகு ஒரு நேரம் என்று ஊர் விதித்து வைத்திருக்கிறது. என் குடல் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. குடியிருப்பில் நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். நான் உள்ளே இருக்கும்போதே கதவைத் தட்டுவார்கள். ரத்தம் பட்ட சேலைகளை உன் அப்பா துவைத்தார். குழாயடியில் பெண்கள் சிரித்தபோது, "எம் பொண்டாட்டி சேலைய நான் தொவைக்கிறேன், உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்று கேட்டுவிட்டு இன்னும் சத்தமாக அடித்துத் துவைத்தார்.

அந்த வருடம்தான் உன்னைக் கடலூரில் விடுதியில் சேர்த்தோம். நல்ல படிப்பு கிடைக்கும் என்று சொன்னேன். காரணம் அது இல்லை. அம்மாவை அந்தக் கோலத்தில் நீ பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். விடுதி வாசலில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாய். உன் கையை விலக்கிவிட்டு நடந்தேன். நின்றிருந்தால் அழுதிருப்பேன் என்பது பாதி உண்மை. அடுத்த நிமிஷம் எங்கே ஒதுங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன் என்பது மீதி. நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. நோயை மறைக்கத் தெரிந்த அளவுக்குப் பிள்ளையிடம் சொல்லத் தெரியாத நான்தான் தப்புப் பண்ணினேன். நீ என்னோடு சரியாகப் பேசாமல் இருந்த வருடங்களுக்கு நானே காரணம்.

ஊரில் ஒரு டாக்டர் இருந்தார். கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். குடலில் கிருமி இருக்கிறது என்று சொல்லி எமட்டீன் ஊசி போட்டார். ஊசி போட்டால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், எழுந்தால் கண் இருட்டும். கொஞ்சம் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். மறுபடியும் ஊசி. மூன்றாவது முறையும் கேட்காதபோது அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இது நரம்பு சம்பந்தப்பட்டதும்மா. புள்ளய பிரிஞ்ச ஏக்கமா இருக்கும். வேலைய விட்டுட்டு மனச அமைதியா வச்சுக்குங்க" என்றார். நான், "மனசுலேர்ந்து ரத்தம் வருமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் கதவருகே நின்று, "நான் சொல்றத நீங்க காது குடுத்துக் கேக்கல. கேக்குற வரைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே காத்திருந்தவர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். பாடத்தின் நடுவில் நாலு தடவை, ஐந்து தடவை வெளியே ஓடுவேன். பக்கத்தில் மறைவு எதுவும் இல்லை. ரயில் பாதை ஓரத்துப் புதர்வரைக்கும் போக வேண்டும். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "உடம்பு சரியில்லன்னா வீட்ல இருங்க டீச்சர். நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க" என்றார். மறுநாள் நான் ராஜினாமாவைக் கொண்டு போகவில்லை. மண்வெட்டியையும் பனை ஓலைக் கட்டையும் கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் குழி வெட்டி, நாலு கழி நட்டு, ஓலை கட்டினேன். மானேஜர் வந்து பார்த்தார். "இதுல பொண்ணுங்களும் போவலாம் சார். இத்தினி வருசமா அதுங்க சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கினு இருந்ததுங்க. யாரும் கேக்கல" என்றேன். அவர் திரும்பிப் போனார், பிறகு ராஜினாமாவைக் கேட்கவே இல்லை. வகுப்பில் பிள்ளைகளிடமும் மறைக்கவில்லை. "டீச்சருக்கு வயித்துல புண்ணு. நான் வெளிய போனா நீங்க வாய்ப்பாடு சொல்லிக்கினே இருக்கணும்" என்றேன். அந்த வருடம் அந்த வகுப்பைப் போல வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக் குடிவந்தோம். அன்றிலிருந்து ரயிலில் போய் வருவது உன் அப்பாவின் பாடு ஆயிற்று.

இனி பட்டையின் கதை. நாங்கள் வீடு மாறுவதற்கு முன்னால் ஒரு நாள் திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கியதும் வயிறு முறுக்கியது. வேலிக்குப் பின்னால் ஓடினேன். பிளாட்பாரத்தில் கூட்டம். அப்போது தலையில் விறகுக் கட்டோடு ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கட்டை இறக்கி எனக்கு முன்னால் நிறுத்தி, அதற்குப் பக்கத்தில் தானும் நின்றுகொண்டாள். "உக்காரும்மா. எவன் பாக்குறான்னு நான் பாக்குறேன்" என்றாள். அவள்தான் இருசம்மாள். செஞ்சி பக்கத்துக் குன்றுகளிலிருந்து விறகு கொண்டு வருகிறவள். நான் எழுந்ததும் தரையைப் பார்த்துவிட்டு, "ரெத்தமா போவுதே, எத்தினி நாளா?" என்று கேட்டாள். அதுவரைக்கும் எத்தனை நாள் என்று என்னிடம் பொறுமையாகக் கேட்டவர்கள் யாரும் இல்லை. ரயிலடி வேலியோரம் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுத்த சந்தை நாளில் ஒரு துணியில் சுற்றிப் பட்டை கொண்டு வந்தாள். இடித்துத் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள். வாயில் வைக்க முடியாத கசப்பு. "இன்னா மரம் இது?" என்று கேட்டதற்கு, "அத எதுக்குக் கேக்குற? நீ குடி" என்றாள். நான் விடவில்லை. பெயர் தெரியாத எதையும் இனி என் உடம்புக்குள் விட மாட்டேன் என்றேன். "காட்டுனா வெட்டிக்கினு பூடுவீங்க. அப்புறம் ஃபாரெஸ்ட்காரன் எங்களப் புடிப்பான்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர்களுடைய விறகை வழியில் பிடுங்கிக்கொள்ளும் காவலனைப் பற்றி மேலதிகாரிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வரும்வரை விடாமல் எழுதினேன். அதற்குப் பிறகுதான் மரத்தைக் காட்டினாள். குடசப்பாலை.

நடுவில் ஒரு தடவை அவள் வரவில்லை என்று விழுப்புரத்து நாட்டு மருந்துக் கடையில் அதே பெயரைச் சொல்லிப் பட்டை வாங்கினேன். ஒரு வாரம் குடித்தும் ஒன்றும் கேட்கவில்லை. இருசம்மாள் அதில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். "கசப்பே இல்லியே. இது வெட்பாலைம்மா. காய் ரெண்டும் நுனியில ஒட்டிக்கினு இருந்தா அது வெட்பாலை. தனித்தனியா பிரிஞ்சி தொங்குச்சின்னா நம்ம மரம்" என்றாள். கடைக்காரருக்குத் தெரியாத வித்தியாசம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பம்பாயில் உனக்கு மூட்டை மூட்டையாகப் பட்டை வரும். மேலே என்ன பெயர் எழுதியிருந்தாலும் நம்பாதே. காயைக் கேள். நாக்கில் வைத்துப் பார்.

இருசம்மாள் கொடுத்த பட்டையைக் குடித்து மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது. அன்றைக்கு நான் மோர் விட்டுக் கேப்பைக் கூழ் ஒரு சொம்பு குடித்துவிட்டு, எங்கேயும் ஓடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா வந்து, "என்னா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று பயந்து போய்க் கேட்டார். "ஒண்ணும் பண்ணல. அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்றேன். நீ மேடையில் சொன்னது இந்த இடம் வரைக்கும்தான். நான் உனக்குச் சொல்லியிருந்ததும் இதுவரைக்கும்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். பழைய நோட்டு ஒன்றில் தினமும் குறித்துக்கொண்டு வந்தேன். எத்தனை தடவை, ரத்தம் உண்டா இல்லையா, என்ன சாப்பிட்டேன், பட்டை குடித்தேனா. எட்டு மாதம் கழித்து நோய் திரும்ப வந்தது. பட்டை குடித்தேன், அடங்கியது. அடுத்த முறை வந்தபோது வேண்டுமென்றே குடிக்காமல் இருந்தேன். உன் அப்பா திட்டினார். இருசம்மாள் என்னோடு பேசவே இல்லை. பட்டை இல்லாமலும் ஒரு மாதத்தில் அது தானாக அடங்கியது. அதற்கடுத்த முறை முதல் நாளிலிருந்தே பட்டை குடித்தும் இரண்டரை மாதம் என்னைப் படுக்கையில் போட்டு வதைத்தது. இடையில் வில்வப் பிஞ்சு, மாதுளம்பழத்து ஓடு, மஞ்சள் என்று யார் எதைச் சொன்னாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. இந்த நோய் தானாக வரும், தானாகப் போகும். அது போகிற நேரத்தில் நாம் எதைக் குடித்துக்கொண்டிருக்கிறோமோ அதற்கு மாலை போடுகிறோம். அந்தப் பட்டை எனக்கு உதவியிருக்கலாம். கடுப்பு குறைகிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அது என்னைக் குணப்படுத்தவில்லை. இந்த வாரமும் ரத்தம் போகிறது. உன்னை வழியனுப்பிய அன்றைக்கும் போனது.

இனி எழுதப்போவதை எழுதாமலே இத்தனை பக்கத்தையும் முடித்துவிடலாமா என்று நேற்றுப் பூராவும் யோசித்தேன். சலோமி டீச்சரை உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நீ விடுமுறைக்கு வந்தபோது ஒரு தடவை உனக்கு வேர்க்கடலை வறுத்து மல்லாட்டை உருண்டை செய்து கொடுத்தாள். மண்டகப்பட்டுப் பெண். கூலி வேலை செய்கிற தாய் படிக்க வைத்து, நம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வந்தவள். அந்தக் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள். இருபத்துநாலு வயது. நம் வீட்டுக்கு எதிரே ஒரு அறையில் குடியிருந்தாள். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. என்னிடம் வந்தாள். "அக்கா, உங்க பட்டைய எனக்கும் குடுங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் லீவு பூடும்" என்றாள்.

பட்டையைக் கொடுத்த நாளிலேயே இருசம்மாள் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். "சொரம் அடிக்கிற ஒடம்புக்கு மட்டும் இத குடுக்காத. அது வேற சீக்கு." நான் சலோமியின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. மகனே, எனக்குத் தெரிந்தது. லேசான சூடுதானே, வெயிலில் நடந்து வந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விறகுக்காரி சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்றும் மனதுக்குள் ஒரு குரல் இருந்தது. அந்த டாக்டர் என் பேச்சை எப்படிக் கேட்கவில்லையோ அப்படியே நான் இருசம்மாள் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் காய்ச்சிக் கொடுத்தேன். போக்கு குறைந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காய்ச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. எட்டாம் நாள் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டைபாய்டு காய்ச்சல், குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் நேராக அந்தப் பழைய டாக்டரிடம் போனேன். என்னைத் திட்டட்டும் என்றுதான் போனேன். நோட்டை மேஜைமேல் போட்டு நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் குறுக்கே பேசவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "ஒரு வாரம் முன்னாடி கொண்டாந்திருந்தா படுக்கையில போட்டுப் பாத்திருக்கலாம். கண்டிப்பா பொழச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களால ஒண்ணுமில்லன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த நேர்மைக்காக அவரை அன்றைக்கு மன்னித்தேன். பிறகு என் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பல நாள் பார்த்துவிட்டு, "கிருமி இல்லம்மா. அன்னிக்கும் இருந்திருக்காது. குடலோட உள்தோல் புண்ணாகுற நோய் இது. ஏன் வருதுன்னு யாருக்கும் தெரியல. நான் உங்கள நரம்புன்னு சொன்னது தப்பு" என்றார். அவர் போட்ட எமட்டீன்கூட ஏதோ தூர தேசத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்ததுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். "அப்ப நீங்க குடுத்தா மருந்து, இருசம்மா குடுத்தா மூடநம்பிக்கையா டாக்டர்?" என்று கேட்டேன். "வித்தியாசம் இருக்கும்மா. அந்த வேர்ல எது வேலை செய்யுது, எவ்வளவு குடுத்தா ஆபத்துன்னு யாரோ உக்காந்து பாத்து எழுதி வச்சிருக்காங்க. உங்க பட்டைக்கு அத இன்னும் யாரும் செய்யல" என்றார். நீ ரசாயனம் படிக்க ஆசைப்பட்டபோது உன் பெரியப்பாவும் மற்றவர்களும் கிளார்க் வேலைக்குப் போகச் சொன்னார்களே, அப்போது நான் ஒற்றைக் காலில் நின்றது இந்தப் பேச்சை நினைத்துத்தான்.

ஆகவே உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. போ. அந்தப் பட்டையை உடை, காய்ச்சு, வடி, அதன் கசப்பு ஒன்றா பத்தா என்று பிரித்துப் பார். காட்டுச் சரக்கு என்று கேலி செய்கிறவன் முன்னால் தலை குனியாதே. நம் முன்னோர் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார் தட்டுகிறவன் முன்னாலும் குனியாதே. இரண்டு பேருமே பார்க்காமல் பேசுகிறவர்கள். என் ஒருத்தி உடம்பைக் காட்டி ஊருக்கு மருந்து சொல்லாதே. கடைசியில் அந்தப் பட்டையில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால் அதையும் அதே மேடையில் வந்து சொல். நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன். இருசம்மாள் கோபித்துக்கொள்வாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சலோமிக்குப் பட்டை கொடுத்தவள் நான்தான் என்பதை உன் அப்பாவையும் டாக்டரையும் தவிர யாரிடமும் சொல்லாமல் ஆறு வருடம் இருந்தேன். ஊரையெல்லாம் எதிர்த்து நின்றவளுக்கு அந்த ஒரு வாசலுக்குப் போகக் கால் வரவில்லை. உன் பேச்சைக் கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மண்டகப்பட்டுக்குப் போனேன். சலோமியின் அம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "சலோமிக்கு அந்தக் கஷாயத்த நான்தான் குடுத்தேம்மா. காய்ச்சல் இருந்துச்சி. தொட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும். அவளே சொன்னா. அக்கா நல்லதுன்னுதான் குடுத்தாங்க, நீ யாருகிட்டயும் சொல்லாதம்மான்னா. நானும் சொல்லல. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். இத்தினி வருசம் ஆச்சா உனுக்கு?" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். "அது எங்கிட்ட இல்ல" என்றார். மன்னிப்புக் கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் எங்கோ ஓர் ஓரத்தில் நம்பிக்கொண்டுதான் போயிருந்தேன் போலும். கிடைக்கவில்லை. அவர் கொடுக்காதது சரிதான். நான் திரும்பி நடந்தேன். தெருமுனை வருவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"உம் புள்ள பம்பாய்க்குப் போயிக்கிறானாமே. அந்த மரத்தப் பத்திப் படிக்கத்தானா?"

ஆமாம் என்றேன்.

"பொஸ்தகம் எழுதுவானா?"

"எழுதுவான்."

"அதுல நல்லா ஆனவங்களத்தான் எழுதுவாங்க. எம் பொண்ணையும் எழுதச் சொல்லு. யாரோ ஒரு பொம்பளன்னு எழுத வேணாம். பேரு போட்டு எழுதச் சொல்லு."

எழுதுவாய் என்று உன்னைக் கேட்காமலேயே அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் மேலதிகாரிகள் இது வழக்கமில்லை என்பார்கள். ஆராய்ச்சிக்கு இது தேவையில்லை, எடுத்துவிடு என்பார்கள். எடுக்காதே. எடுத்தால்தான் அச்சடிப்போம் என்றால், அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வா. நீ என் மகன், உனக்கு அது வரும். பெயர் சலோமி. வயது இருபத்துநாலு. ஊர் மண்டகப்பட்டு. காய்ச்சல் இருந்தது. பட்டை கொடுக்கப்பட்டது. கொடுத்தவள் என் அம்மா என்று எழுது.